வண்ணம் கற்பித்த ஆசான் ஆன்றி மத்தீஸ்

கல்வி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நூலும் எழுதுகோலும் தேர்வுமே. கண்ணுக்கும் ஒரு கல்வி உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஒரு மண்குடத்தையும் அதனருகே கிடக்கும் நான்கு பழங்களையும் நாள்தோறும் பார்க்கின்றோம். ஆயினும் அவற்றை உள்ளவாறு கண்டதில்லை. காணக் கற்பிப்பதும் ஆசிரியரின் பணியே. அப்பணியைச் சில ஆண்டுகளே செய்து, அதன் பயன் பல நாடுகளுக்கும் பரவக் காரணமாயிருந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் இளைஞர்க்கும் உறுப்பினர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பிரெஞ்சு நாட்டு ஓவியர் ஆன்றி மத்தீஸ்.

இருபதாம் நூற்றாண்டின் ஓவியக்கலை வரலாற்றில் பாப்லோ பிக்காசோவுக்கு இணையாக வைத்துப் பேசப்படுபவர் இவர். எனினும் இவர் புகழைப் பாடுவது நம் நோக்கமன்று. தேர்வில் தோற்றுக் கலைப்பள்ளியின் வாயிலில் நின்ற ஓர் இளைஞர் எவ்வாறு உள்ளே அழைக்கப்பட்டார், பின்னர் அவரே ஒரு பள்ளியை நடத்தியபோது தம்மிடம் வந்தவர்க்கு எதனை எம்முறையில் கற்பித்தார் என்பனவே நாம் கூற முற்படும் செய்திகள்.

பிறப்பும் இளமையும்

மத்தீஸ் 1869ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள், பிரான்சின் வடபகுதியிலுள்ள லெ கட்டோ கம்ப்ரேசி என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது அதற்கு அண்மையிலுள்ள பொயேன் என்னும் ஊரில். அவருடைய முன்னோர் நெசவாளர். தந்தையார் தானியமும் விதைகளும் விற்கும் கடை வைத்திருந்தார். அக்கடையில் சுவர்களுக்குப் பூசும் வண்ணங்கள் விற்கும் பகுதியைத் தாயார் கவனித்து வந்தார். பீங்கான் கலங்களில் சித்திரம் தீட்டும் பழக்கமும் அவ்வம்மையாருக்கு இருந்தது.

பொயேன் ஒரு நெசவூர். பாரிஸ் மாநகரத்துச் செல்வர் விரும்பி வாங்கிய உயர்ந்த துணிகள் அவ்வூர்த் தறிகளில் உருவாயின. மூடுபனியும் ஆலைப்புகையும் சூழ்ந்த அவ்வூரில் வளர்ந்த சிறுவன், வண்ணத்தின் செழிப்பைக் கண்டது அத்தறிகளிலேதான். பிற்காலத்தில் அவர் ஓவியங்களில் துணிகள் பெற்ற இடத்தை எண்ணும்போது இவ்விளமைச் சூழலை நாம் மறத்தலாகாது.

மகன் ஓவியராவதைத் தந்தை விரும்பவில்லை. 1887இல் சட்டம் பயிலப் பாரிசுக்கு அனுப்பினார். தேர்ச்சி பெற்ற மத்தீஸ், சேன் காந்தேன் நகரில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக அமர்ந்தார். பத்திரங்களைப் படியெடுப்பதே அவர் வேலை. அந்நகரில் துணிகளுக்குக் கோலம் வரைவோர்க்காக நடந்துவந்த ஓர் ஓவியப்பள்ளி இருந்தது. அலுவலகம் தொடங்குமுன், விடியற்காலையிலேயே அங்குச் சென்று வரையக் கற்றார். இருபது வயதளவில் குடல்நோயால் நெடுநாள் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று தாயார் ஒரு வண்ணப்பெட்டியை வாங்கித் தந்தார். அப்பெட்டி அவர் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது.

1890இல் அவர் தீட்டிய முதல் ஓவியத்தில் இடம்பெற்றவை சில புத்தகங்களும் ஒரு மெழுகுவத்தியுமே. தம் மேசைமீது கிடந்தவற்றையே அவர் தீட்டினார். அசையாமல் வைக்கப்பட்ட குடம், பழம், மலர், துணி, நூல் போன்ற பொருள்களைத் தீட்டுவதை மேனாட்டார் ‘ஸ்டில் லைஃப்’ என்பர். நாம் இதனை நிலைப்பொருள் ஓவியம் என்று கூறுவோம். மத்தீஸின் கலைவாழ்வு நிலைப்பொருள் ஓவியத்திலேதான் தொடங்கியது.

வாயில் திறந்த ஆசிரியர்

1891இல் எழுத்தர் வேலையை விட்டுவிட்டுப் பாரிஸ் சென்றார். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த பூகெரோ என்பவரிடம் ஜூலியன் ஓவியப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். பழுதின்றிப் படியெடுப்பதையே கலையாகக் கொண்ட அப்பயிற்சி அவருக்கு ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டு அரசு நுண்கலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வை எழுதித் தோற்றார். இருபத்திரண்டு வயது, கையில் தொழில் இல்லை, ஊரில் தந்தையின் மனக்கசப்பு, பள்ளியின் கதவும் அடைபட்டுவிட்டது.

அந்நிலையில் அவர் ஒரு காரியம் செய்தார். அப்பள்ளியின் கண்ணாடிக் கூரையிட்ட முற்றத்தில் பழங்காலச் சிற்பங்களின் சாந்து வார்ப்புகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை வரைந்து பழகத் தலைப்பட்டார். அப்பள்ளியில் புதிதாகப் பேராசிரியர் பொறுப்பேற்றிருந்த குஸ்தாவ் மொரோ அவரைக் கண்ணுற்றார்; தேர்வு முடிவைப் பொருட்படுத்தாமல் தம் வகுப்பில் வந்து பயில இசைவளித்தார். மத்தீஸ் முறைப்படி அப்பள்ளி மாணவரானது 1895இல்தான். மூன்றாண்டுக் காலம் அவர் பயின்றதெல்லாம் ஓர் ஆசிரியரின் நல்லெண்ணத்தால் என்பதை நம் இளைஞர் உள்ளத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மொரோ தம்மைப் போலவே தீட்டுமாறு எம்மாணவரையும் வற்புறுத்தவில்லை. அவருடைய ஓவியங்கள் புராணக் காட்சிகள் நிறைந்தவை. அவருடைய மாணவர்களான மத்தீஸ், ரூவோ, மார்க்கே ஆகிய எவரும் அவ்வழியில் செல்லவில்லை. லூவர் அருங்காட்சியகத்துக்குச் சென்று பழைய மேதைகளின் ஓவியங்களைப் படியெடுக்குமாறு அவர்களைத் தூண்டினார். அங்கேயே நின்றுவிடாமல் தெருவில் இறங்கி வாழ்க்கையையும் பார்க்கச் சொன்னார். மத்தீஸ் ஓவியக்கலையை எளிமைப்படுத்தப் போகிறவர் என்பதை அவர் முன்னரே உணர்ந்திருந்தார். 1898இல் மொரோ மறைந்தார். அவருக்குப்பின் வந்த பேராசிரியர், வயது மிகுந்துவிட்டது என்று கூறி மத்தீஸை வகுப்பைவிட்டு விலகச் செய்தார். ஓர் ஆசிரியர் திறந்த கதவை மற்றோர் ஆசிரியர் அடைத்தார்.

தாழ்வெனக் கருதப்பட்ட கலை

இங்கு ஒரு செய்தியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பிரெஞ்சு நாட்டில் ஓவிய வகைகளுக்குள்ளும் உயர்வு தாழ்வு கற்பிக்கப்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அரசவைக் கலைக்கழகம் வகுத்த வரிசையில், சமயமும் வரலாறும் கூறும் ஓவியங்கள் உச்சியில் இருந்தன. அவற்றுக்குக் கீழே மனித உருவப்படங்களும், பின்னர் பிற வகைகளும் வைக்கப்பட்டன. குடத்தையும் பழத்தையும் தீட்டும் நிலைப்பொருள் ஓவியம் அனைத்துக்கும் அடியில் கிடந்தது. தீட்டுபவர் எத்துணைத் திறமை உடையவராயினும், தீட்டப்பட்ட பொருளைக் கொண்டே அவர் தகுதி அளக்கப்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷார்தேன் என்னும் ஓவியர், சமையலறையில் தொங்கும் ஒரு திருக்கை மீனையும், பூனையையும், சட்டி பானைகளையும் தீட்டினார். 1728இல் கலைக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றபோதும், விலங்குகளும் பழங்களும் தீட்டுபவர் என்ற கடைநிலைப் பிரிவிலேயே ஏற்றது. அத்திருக்கை ஓவியம் லூவரில் உள்ளது. மத்தீஸ் அதன்முன் நெடுநாள் நின்று படியெடுத்தார். 1893இல் டச்சு ஓவியர் தெ ஹேம் 1640இல் தீட்டிய விருந்து மேசை ஓவியத்தையும் படியெடுத்தார். கடைநிலையில் வைக்கப்பட்ட அக்கலையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மன்னரையோ கடவுளரையோ தீட்டும் ஓவியத்தில் பார்ப்பவர் கருத்து கதையிலேயே சென்றுவிடும். ஓர் ஆப்பிள் பழத்தில் கதை ஏதுமில்லை. அங்கு ஓவியன் வடிவத்தாலும் வண்ணத்தாலும் மட்டுமே பேசியாக வேண்டும். ஆகவேதான் செசான் என்னும் பேரோவியர் ஆப்பிள்களையும் மேசைத்துணிகளையும் பலமுறை தீட்டினார். மத்தீஸும் அவ்வழியே சென்றார். தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட வகையிலிருந்தே புதிய ஓவியம் பெருமளவு பிறந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வறுமையும் உறுதியும்

1898இல் அமேலி பரேயர் என்னும் அம்மையாரை மத்தீஸ் மணந்தார். திருமணப் பரிசாக நண்பர் மார்க்கே ஒரு சாக்லேட் கூசாவைக் கொடுத்தார். அக்கூசா பல ஆண்டுகள் அவர் ஓவியங்களில் இடம்பெற்றது. அவர் தேர்ந்தெடுத்த பொருள்கள் பலவும் இத்தகைய வீட்டுப் பொருள்களே. ஒரே பொருளை மீண்டும் மீண்டும் வெவ்வேறு சூழலில் வைத்துத் தீட்டுவது அவர் வழக்கம்.

ஓவியங்கள் விற்கவில்லை. அமேலி அம்மையார் ஒரு தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். 1900இல் பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட மாளிகையில், கூலிக்கு இலைத்தோரணம் தீட்டும் வேலையை மத்தீஸும் மார்க்கேயும் செய்தனர். குளிர்காலத்தில் பழங்கள் விலை மிகுந்தவை. ஓவியத்துக்காக வாங்கிவைத்த பழங்கள் அழுகிவிடாதபடி அறையை வெப்பமூட்டாமல் விட்டு, மேலங்கியும் கையுறையும் அணிந்துகொண்டு மத்தீஸ் குளிர்காலம் முழுதும் தீட்டினார் என்று கெர்ட்ரூட் ஸ்டெய்ன் என்னும் எழுத்தாளர் தம் நூலில் குறித்துள்ளார்.

இவ்வறுமையிலும் 1899இல் செசானின் சிறிய ஓவியம் ஒன்றைத் தவணை முறையில் பணம் செலுத்தி வாங்கினார். நீராடும் மகளிர் மூவரைக் காட்டும் ஓவியம் அது. எத்துணை இடர் வந்தபோதும் அதனை விற்கவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் தம்மிடம் வைத்திருந்து, 1936இல் பாரிஸ் நகர அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். மொரோவை இழந்த மாணவர்க்கு அவ்வோவியமே ஆசிரியராக நின்றது எனலாம்.

வண்ணம் விடுதலை பெற்றது

1905ஆம் ஆண்டுக் கோடையில், தெற்கே கடற்கரையிலுள்ள கொலியூர் என்னும் மீனவர் ஊரில் ஆந்த்ரே தெரேன் என்னும் இளம் ஓவியருடன் மத்தீஸ் தங்கினார். அங்குத் தீட்டிய ஓவியங்களில் வண்ணம் பொருளின் இயற்கை நிறத்துக்கு அடங்கி நிற்கவில்லை. கடல் இளஞ்சிவப்பாயிற்று, மரத்தின் அடி செந்நிறமாயிற்று. நிழல் என்றால் கரிய நிறம் என்ற பழைய வழக்கம் கைவிடப்பட்டது. வெம்மையான நிறத்துக்கு அருகே குளிர்ந்த நிறத்தை வைப்பதாலேயே ஒளியும் நிழலும் தோன்றின.

அவ்வாண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் தம் மனைவியைத் தொப்பியுடன் காட்டும் உருவப்படத்தை மத்தீஸ் வைத்தார். முகத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்திருப்பதைக் கண்டு மக்கள் எள்ளி நகைத்தனர். வோசெல் என்னும் திறனாய்வாளர் அக்குழுவினரைக் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டார். அப்பெயரே அவ்வியக்கத்துக்கு நிலைத்துவிட்டது. ஆயினும் பாரிசில் வாழ்ந்த அமெரிக்கரான ஸ்டெய்ன் குடும்பத்தார் அவ்வோவியத்தை 500 பிராங்குக்கு வாங்கினர். அன்று முதல் மத்தீஸின் வாழ்வில் வறுமை மெல்ல நீங்கலாயிற்று.

மத்தீஸின் பள்ளி

ஸ்டெய்ன் குடும்பத்தைச் சேர்ந்த சாரா அம்மையாரும், ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் பூர்மனும் தமக்குக் கற்பிக்குமாறு மத்தீஸை வேண்டினர். அவ்வேண்டுகோளின் விளைவாக 1908ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாரிசில் கைவிடப்பட்ட ஒரு கன்னிமாடக் கட்டடத்தில் பள்ளி தொடங்கியது. சில மாதங்களில் வேறொரு பெரிய கட்டடத்துக்கு மாறியது. கற்பித்ததற்காக மத்தீஸ் தமக்கென ஊதியம் எதுவும் பெறவில்லை. நுழைவுத் தேர்வும் இல்லை. ஆடவரும் மகளிரும் ஒன்றாக அமர்ந்து பயின்றனர். அரசு நுண்கலைப் பள்ளியில் பெண்கள் சேர வழிபிறந்ததே 1897இல்தான் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். அமெரிக்கா, ஜெர்மனி, சுவீடன், நார்வே, ஹங்கேரி, ரஷ்யா ஆகிய நாடுகளிலிருந்து மாணவர் வந்தனர். பிரெஞ்சுக்காரர் சிலரே.

மாணவர்கள் ஆசிரியர் மகிழ்வார் என்று எண்ணிப் பெரிய பெரிய திரைகளில் கண்ணைப் பறிக்கும் நிறங்களை வாரி இறைத்து வைத்திருந்தனர். மத்தீஸ் அதைக் கண்டு மகிழவில்லை. தம் இல்லத்திலிருந்து ஒரு பழங்காலச் சிலையின் வார்ப்பைக் கொண்டுவந்து வைத்து, அதனைப் பார்த்து வரையுமாறு பணித்தார். புரட்சியாளர் எனப் பெயர் பெற்றவர், பழைய பள்ளிகளிலும் கண்டிப்பான ஒழுங்கைக் கேட்டதைக் கண்டு மாணவர் வியந்தனர். நூற்குண்டைத் தொங்கவிட்டு நேர்க்கோட்டைச் சரிபார்த்தல், எடை எந்தக் காலில் தங்குகிறது என அறிதல், உறுப்புகளின் அளவை ஒப்பிடுதல் ஆகியன முதலில் வேண்டும் என்றார். நடக்கக் கற்காதவன் கயிற்றின்மேல் நடக்க இயலாது என்பது அவருடைய உறுதியான கருத்து.

வரைதலில் கைதேர்ந்த பின்னரே வண்ணம். மேசைமீது சில பொருள்களை வைத்து மாணவரைத் தீட்டச் செய்வார். சாரா அம்மையார் 1908இல் எழுதிவைத்த வகுப்புக் குறிப்புகளாலும், மத்தீஸே அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இதழில் வெளியிட்ட கட்டுரையாலும் அவர் கற்பித்த முறையை நாம் அறிகின்றோம். அதன் சாரத்தை நம் சொற்களில் தருகின்றோம்.

முதலாவதாக, பொருளை அப்படியே படியெடுப்பது பயிற்சியின் முடிவன்று. மெலிந்த கழுத்துடைய குவளை ஓர் உணர்வை எழுப்புகிறது. வயிறு பருத்த செம்புப் பாத்திரம் வேறோர் உணர்வை எழுப்புகிறது. அவ்வுணர்வு எது என்று மாணவர் தம் உள்ளத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவதாக, பொருள்களைத் தனித்தனியே பாராமல் அவற்றுக்கிடையேயுள்ள உறவைப் பார்க்க வேண்டும். குவளைக்கும் பழத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடமும் ஒரு வடிவமே. அதுவும் ஓவியத்தின் பகுதியாகும்.

மூன்றாவதாக, எந்நிறமும் தனித்து நிற்பதில்லை. வெள்ளைத் திரையில் வைத்த நீலம், அருகே பச்சை வந்தவுடன் தன் வலிமையில் சிறிது இழக்கிறது. சிவப்பு வந்தால் மீண்டும் மாறுகிறது. சிவப்புக்கு அருகே பச்சையும், நீலத்துக்கு அருகே ஆரஞ்சு நிறமும், மஞ்சளுக்கு அருகே ஊதாவும் ஒன்றையொன்று தூண்டி ஒளிரச் செய்கின்றன. ஆகவே இயற்கையிலுள்ள நிறத்தை அப்படியே எடுத்து வைத்தாலும், திரையில் அது இயற்கையாகத் தோன்றாது. இயற்கையில் நிறங்களுக்கிடையே நிலவும் இசைவுக்கு ஈடான ஓர் இசைவைத் திரையில் உண்டாக்குவதே ஓவியனின் கடமை. அதற்காக ஒரு நிறத்தை மாற்ற நேர்ந்தால், துணிந்து மாற்றலாம்.

நான்காவதாக, சில நிறங்களே போதும். அவற்றை முதலிலேயே தேர்ந்து, எது எவ்வளவு இடம் பெறவேண்டும் என்று உறுதிசெய்துகொள்ளல் நன்று. தேவையற்றதைச் சேர்க்கச் சேர்க்க ஓவியம் வலிமை குன்றும்.

இவ்விதிகளைச் சொன்னவர் தம் ஓவியத்தைப் பின்பற்றுமாறு எவரிடமும் கூறவில்லை. இரண்டாம் மத்தீஸாக மாறுவதைவிட, தம்மைத் தாமே கண்டறிவது மேல் என்பதே அவர் கருத்து. மொரோவிடம் பெற்றதை அவர் அவ்வாறே அடுத்த தலைமுறைக்கு வழங்கினார்.

ஒரு மேசையின் வரலாறு

அவர் கற்பித்ததை அவரே கைக்கொண்டார் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். 1897இல் அவர் ஒரு விருந்து மேசையைத் தீட்டினார். வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் குடுவைகள், பழத்தட்டுகள், மலர்களைச் சரிசெய்யும் பணிப்பெண் ஆகிய அனைத்தும் இயல்பான ஒளியில் தோன்றின. அதே காட்சியைப் பள்ளி நடந்த 1908ஆம் ஆண்டில் மீண்டும் தீட்டினார். சுமார் 180 செ.மீ. உயரமும் 220 செ.மீ. அகலமும் உடைய பெரிய ஓவியம் அது. செர்கேய் ஷூக்கின் என்னும் மாஸ்கோ வணிகரின் உணவறைக்காகத் தீட்டப்பட்டது.

மத்தீஸிடம் பூக்கூடைக் கோலம் கொண்ட நீலப் பருத்தித் துணி ஒன்று இருந்தது. அத்துணியின் கோலம் இவ்வோவியத்தில் மேசை விரிப்பிலும் சுவரிலும் ஒருங்கே படர்ந்து செல்கிறது. முதலில் முழுவதும் நீலமாகவே தீட்டி முடித்தார். ஆனால் பலகணிக்கு வெளியே தெரியும் தோட்டத்தின் பசுமை அந்நீலத்தின் அருகில் எடுப்பாக விளங்கவில்லை. முடிந்த ஓவியத்தை மீண்டும் எடுத்து, மேசையையும் சுவரையும் ஒரே செந்நிறத்தால் மூடினார். சிவப்பின் அருகில் பச்சை உயிர்பெற்றது. நீலக் கோலங்கள் துள்ளி எழுந்தன. மஞ்சள் எலுமிச்சைகள் ஒளிர்ந்தன. மேசை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு மெல்லிய கோடு மட்டுமே உணர்த்துகிறது. ஆயினும் பார்ப்பவர்க்குக் குழப்பம் தோன்றுவதில்லை. ஒரு வீட்டின் வெதுவெதுப்பே தோன்றுகிறது.

சிவப்பின் இசைவு என்ற கருத்தில் பெயர் பெற்ற அவ்வோவியம் இன்று ரஷ்யாவின் எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நிலைப்பொருள் ஓவியத்துக்குரிய எளிய பொருள்களே அதில் உள்ளன. முன்பு கடையில் வைக்கப்பட்ட கலை, இவ்வோவியத்தில் ஒரு சுவரையே ஆளும் அளவுக்கு உயர்ந்தது.

மாணவர் பரம்பரை

மத்தீஸ் ஆசிரியப் பணியைத் தொடர்ந்து செய்யவில்லை. ஒவ்வொரு மாணவரின் உள்ளத்துள்ளும் புகுந்து பார்க்க வேண்டியிருந்தமையால் அவருடைய சொந்தப் பணிக்கு வலிமை எஞ்சவில்லை. 1911இல் பள்ளி மூடப்பட்டது. மொத்தம் நான்காண்டுக் காலமே. ஆனால் அதன் விளைவு நீண்டது.

சுவீடனைச் சேர்ந்த ஐசக் குருனேவால்டு, தம் நாட்டு அரசு கலைக்கழகத்தில் பிற்காலத்தில் பேராசிரியரானார். அவருடன் பயின்ற சிக்ரித் யெர்த்தேன் அம்மையார் சுவீடனின் புதிய ஓவியத்தில் முதன்மை இடம் பெற்றார். ஆக்செல் ரெவோல்டு நார்வேயில் பேராசிரியரானார். ஜெர்மானியர் ஆஸ்கார் மோல் பிரெஸ்லாவ் கலைக்கழகத்தின் தலைவரானார்.

அமெரிக்கரான மாக்ஸ் வெபரின் வரலாறு இன்னும் சுவையானது. நியூயார்க் திரும்பிய அவர், 1920களில் அங்குள்ள ஓவிய மாணவர் சங்கப் பள்ளியில் நிலைப்பொருள் ஓவியம் கற்பித்தார். அவ்வகுப்பில் அமர்ந்த மாணவருள் ஒருவர், ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுவயதில் குடிபெயர்ந்து வந்த யூத இளைஞர் மார்க் ராத்கோ. பிற்காலத்தில் வண்ணத்தை மட்டுமே கொண்டு பெரும் ஓவியங்களைத் தீட்டி உலகப்புகழ் பெற்றவர் அவரே. மத்தீஸ் மறைந்த 1954ஆம் ஆண்டில் தீட்டிய ஓர் ஓவியத்துக்கு மத்தீஸுக்கு வணக்கம் என்ற பொருளில் பெயர் சூட்டினார். மொரோவிடமிருந்து மத்தீஸுக்கும், மத்தீஸிடமிருந்து வெபருக்கும், வெபரிடமிருந்து ராத்கோவுக்கும் சென்றது ஒரே விளக்கின் சுடர் எனலாம். ஆயினும் நால்வர் ஓவியங்களும் நான்கு விதமானவை.

இறுதிக் காலம்

1941இல் லியோன் நகரில் குடற்புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் நெடுநேரம் நின்று தீட்டும் வலிமை போயிற்று. 1944இல் நாசிகளை எதிர்த்த மறைமுக இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக அவர் மனைவியும் மகள் மார்கரீத்தும் சிறைப்பட்டனர். மகள் கொடிய சித்திரவதைக்கும் உள்ளானார். இத்துயரங்களுக்கிடையிலும் அவர் பணி நிற்கவில்லை. உதவியாளர் வண்ணம் பூசி வைத்த தாள்களைக் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் அமர்ந்தவாறே கத்தரியால் வெட்டி, ஒட்டுச்சித்திரங்களை அமைத்தார். 1953இல் அமைத்த நத்தை என்னும் பெரிய ஒட்டுச்சித்திரம் லண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ளது. வான்ஸ் என்னும் ஊரில் 1951இல் திறக்கப்பட்ட சிற்றாலயத்துக்குக் கட்டட அமைப்பு முதல் வண்ணக் கண்ணாடிகள் வரை வகுத்தளித்தார்.

1948இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அவருடைய ஓவியங்களின் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அதனை நடத்தியவருக்கு மத்தீஸ் எழுதிய கடிதம் நம் கவனத்துக்குரியது. தம் ஓவியங்கள் எளிதாகத் தோன்றுவதைக் கண்டு, உழைப்பே இன்றி அவ்வாறு தீட்டிவிடலாம் என்று இளைஞர் மயங்கிவிடுவரோ என அவர் அதில் கவலை தெரிவித்தார். எழுபத்தெட்டு வயதில், புகழின் உச்சியில் இருந்தவர், தாம் கண்டிராத மாணவரைப் பற்றிக் கவலைப்பட்டார். ஆசிரியர் உள்ளம் பள்ளியை மூடியதால் மறைந்துவிடவில்லை. 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள் நீஸ் நகரில் மத்தீஸ் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டுவது

மத்தீஸ் நம்மைப்போல் ஒடுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர் அல்லர். பிறப்பைக் காட்டி எவரும் அவரை ஒதுக்கவில்லை. ஆகவே அவர் இடரையும் நம் இடரையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. எனினும் அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவன உள. தேர்வில் தோற்றவன் திறமையற்றவன் அல்லன். அவனைக் கண்டுகொள்ளும் ஓர் ஆசிரியர் வேண்டும். அத்தகைய ஆசிரியரிடம் பெற்றதை அவன் பிறர்க்கு வழங்கக் கடமைப்பட்டவன். உயர்ந்தது தாழ்ந்தது என்ற வரிசை மனிதர் வகுத்ததே. கூர்ந்து நோக்கும் கண்ணின்முன் அது நில்லாது. விடுதலை என்பது பயிற்சியைத் துறப்பதன்று; பயிற்சியின் பயனாகக் கைகூடுவது.

ஓவியம் நமக்கு உரியதன்று, அது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணும் இளைஞர் நம்மிடையே உளர். அவர்க்கு நாம் கூறுவது இதுவே. வீட்டிலுள்ள ஒரு மண்சட்டியையும், இரண்டு தக்காளிகளையும், தாயாரின் பழம்புடவை ஒன்றையும் பலகணியோரம் எடுத்து வையுங்கள். அரைமணி நேரம் எழுதுகோலைத் தொடாமல் பாருங்கள். சட்டியின் நிழலில் கருமைதான் உள்ளதா, புடவையின் நிறமும் அதில் படிந்துள்ளதா என்று நோக்குங்கள். பின்னர் முதற்கோட்டை வரையுங்கள். அக்கோடு கோணலாயின் அழித்து மீண்டும் வரையுங்கள். அவ்வாறு கற்றவர், தம் தெருவில் வண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் தனித்து நிற்கும் சிறுவனையோ சிறுமியையோ கண்டால், அருகே அழைத்து அமர்த்திக்கொள்ளட்டும்.